தூசி படாத மெஷின்

தலையணை உறையில் குடியிருந்த தூசிப்பூச்சி தன் புருஷனை உலுக்கியது. "ஏங்க, எழுந்திரிங்க! நம்மளை உறிஞ்சி எடுக்க மெஷின் வாங்கிட்டு வந்துட்டாங்க!"

இரண்டும் உறையின் ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்காரர் தும்மிக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். வீட்டம்மா மெஷினுக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பிறகு, "புதுசுங்க, தூசி படக்கூடாது" என்று அந்தத் தலையணை உறையையே கழற்றி மெஷினுக்கு மாட்டினாள். வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பரண்மேல் பத்திரமாக வைத்தார். பூச்சிகளும் உறையோடு பரண் ஏறின.

உறைக்குள்ளிருந்து மெஷின் உறுமியது. "நீங்கதானா அந்தப் பூச்சிங்க? உங்களை என்ன பண்றேன் பாருங்க!"

"பண்ணலாம் தம்பி, முதல்ல உன்னைக் கீழே இறக்கட்டும்" என்றது ஆண் பூச்சி. "எப்போ இறக்குவாங்கன்னு பக்கத்துல பழைய போர்வைக்குள்ள இருக்காரே, அந்தச் சைக்கிள் அண்ணன்கிட்ட கேளு. ஐயாவோட தொப்பையைக் குறைக்க வந்தவர்."

போர்வைக்குள்ளிருந்து துருப்பிடித்த பெடல் ஒன்று கிரீச்சிட்டது. அதைக் கேட்டதும் மெஷின் அடங்கிவிட்டது. பூச்சிகள் காலை நீட்டிப் படுத்தன.

கீழே வீட்டுக்காரர் அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷின் வந்ததுலேருந்து கொஞ்சம் தேவலை."