இரண்டே சுரம்

"காலையிலேர்ந்து ரெண்டே சுரத்துல ஓட்டுறியே, என்னடா விஷயம்?"

கேட்டுக்கொண்டே கல்மேட் கித்தாரைக் கீழே வைத்தான். நாளை வனுவாட்டுத் தலைநகர் போர்ட் விலாவில் பாட்டுப் போட்டி. அவன் குழுவின் தாழ்சுர பாஸ் வாத்தியம் ஒரு பெரிய மரப்பெட்டி, ஒரு கழி, ஒற்றைக் கயிறு. அதன் பின்னால் தோரா நின்றிருந்தான்.

"எளிமையா இருந்தாத்தாண்ணே பாட்டு நிக்கும்."

"தோங்கோவாத் தீவுல ஒருத்தன் வாசிச்சா கயிறே பேசும். உன்னோடது கொட்டாவி விடுது!"

"எனக்கும் அவர் வாசிப்புன்னா உசுருண்ணே. இன்னிக்கு மட்டும் விட்டுடுங்க."

இன்னிக்கு மட்டுமா? லாப்லாப் கிழங்கு அடை சாப்பிடக் கூப்பிட்டும் இவன் பெட்டியை விட்டு நகரவில்லை. எதிர்க்குழு இவனை வளைத்துப் போட்டுவிட்டதோ? கல்மேட் எழுந்தான்.

"அண்ணே, கிட்ட வராதீங்க!"

"அப்படி என்னத்தடா பின்னால ஒளிச்சு வச்சிருக்க?"

எட்டிப் பார்த்தான். பல் முளைக்கும் வலியில் ஒரு வாரமாக வீட்டில் யாரையும் தூங்கவிடாத கல்மேட்டின் மகன், பெட்டியில் முதுகை ஒட்டியபடி பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"நீங்க சட்டை வாங்கப் போயிருந்தப்ப அண்ணி விட்டுட்டுச் சந்தைக்குப் போனாங்க. மூணாவது சுரத்தைத் தொட்டா முழிச்சிக்கிறாண்ணே."

கல்மேட் மெல்லத் தரையில் சரிந்து, பெட்டியின் மறுபக்கத்தில் தன் முதுகையும் ஒட்டிக்கொண்டான்.

"நிறுத்திடாதடா," என்றான், கண்ணை மூடியபடி.