இந்த வாரம் யாரிடம்

பணம் அனுப்பும் ஆப் ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் டீம் அது. சர்வர் செயலிழந்து விழுந்தால், நள்ளிரவானாலும் ஒரு ஃபோன் அலறும். வாரம் ஒருவர் அதை வைத்திருக்க வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த ரிஸ்வானாவின் முறை வந்தபோது, மேனேஜர் சேஷாத்ரி அதை அவளைத் தாண்டி பிரசன்னாவின் முன் வைத்தார்.

"உனக்கு எதுக்கும்மா இந்தத் தொல்லை? கைக்குழந்தை இருக்கு. டாக்குமெண்டேஷன் பாரு."

போன வருடம் இதே போலக் கையேடு எழுதும் டாக்குமெண்டேஷனுக்குப் போன சுகிர்தாவுக்கு இன்னும் பதவி உயர்வு வரவில்லை.

"உங்களுக்கும் ரெண்டு இருக்கே சார்?"

"அவங்களை வீட்ல பாத்துக்கறாங்க."

"என் பையனையும் வீட்லதான் பாத்துக்கறாங்க. அவனைப் பெத்த அத்தா."

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சேஷாத்ரி வாய் திறப்பதற்குள் ஃபோன் அலறியது. பிரசன்னா அதைப் பார்த்தான், பிறகு ரிஸ்வானாவைப் பார்த்தான். கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"எடுப்பா!" என்றார் சேஷாத்ரி.

ரிஸ்வானா எடுத்தாள். "ரிஸ்வானா பேசறேன். எது விழுந்திருக்கு?"

பதிலைக் கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். பிளக் பாயின்ட் மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது.

"சார், கொஞ்சம் எழுந்திருங்க. சார்ஜர் போடணும்."