அச்சில் சுற்றிய முடி

"மறுபடியும் உன் முடி."

அத்தான் அக்காவைப் பார்த்து ட்வீசரை உயர்த்திப் பிடித்தார். நுனியில் ஒரே ஒரு நீளமான தலைமுடி. கொலைக் கேஸில் தடயம் கிடைத்த போலீஸ்காரர்கூட அவ்வளவு பெருமையாகக் காட்டியிருக்க மாட்டார்.

மேஜைமேல், அவருடைய பொம்மை ரயில் இன்ஜின் ஸ்பாஞ்சுக்குள் மல்லாந்து கிடந்தது. நீளம் ஒரு சாண். அதற்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆபரேஷன். சக்கரங்களை இணைக்கும் கம்பியைக் கழற்றி, கடுகு சைஸ் ஸ்க்ரூக்களை மூடியில் சேர்த்து, அச்சில் சிக்கிய முடியை உருவி, பல்சக்கரத்துக்கு ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு... முழுசாக இரண்டு மணி நேரம். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

அக்கா ஏதோ முனகிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். முப்பது வருஷமாக இந்த மகானோடு குடும்பம் நடத்துகிறாள். அவளுக்குச் சிலையே வைக்கலாம்.

போன வருஷம் பக்கவாதம் வந்ததிலிருந்து அத்தானின் வலது கை விரல்கள் சொன்ன பேச்சு கேட்பதில்லை. தினமும் பிசையச் சொல்லி டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். விட்டால் கை அப்படியே விறைத்துப்போகும் என்றும் எச்சரித்தார். அக்கா கெஞ்சினாள், அழுதாள். பந்து விளையாட நான் என்ன சின்னக் குழந்தையா என்று கேட்டுவிட்டு, பெரிய மனுஷர் ரயில் விளையாடப் போய்விட்டார். பந்து இன்னும் சோபாவுக்கு அடியில்தான் இருக்கிறது.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு, தண்டவாளத்தையும் இன்ஜினையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு கண்ணாடி மூடி செய்து கொண்டுபோனேன்.

"இனிமே ஒத்த முடி உள்ளே போகாது அத்தான்."

இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருந்தவர் "ம்" என்றார். நன்றி சொல்கிற கெட்ட பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை.

அக்கா முகம்தான் செத்துப்போனது. என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்தாள்.

"யாருடா உன்னை இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"வாராவாரம் திட்டு வாங்கறியேன்னு பண்ணேன். இதுவும் தப்பா?"

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

"சனிக்கிழமை அவர் குளிக்கப் போறப்போ, சீப்புல இருந்து எடுத்து நான்தான்டா சுத்தி வைக்கிறேன். பந்துன்னா தொட மாட்டேங்கிறார். இந்த இன்ஜின்னா ரெண்டு மணி நேரம் அந்தக் கையாலதான் நோண்டறார். போன வாரம் சட்டை பட்டனைத் தானே போட்டுக்கிட்டார், தெரியுமா?"

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது அவளுக்கு. இத்தனை நாளும் அவளை அப்பாவி என்று நினைத்த அதிமேதாவி நான்தான்.

மூடியைத் திரும்ப எடுக்கப் போனேன். அளவு சரியில்லை, மாற்றிக் கொண்டுவருகிறேன் என்று ஒரு புளுகு புளுகினேன்.

"எடுத்துட்டுப் போ மாப்ளே. திரும்பக் கொண்டுவராதே."

அத்தான் தலையைத் தூக்கவே இல்லை. வலது கையில் ட்வீசர் லேசாக நடுங்கியது. அச்சை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அதில் முடி நான்கு சுற்று சுற்றியிருந்தது. மேலே கச்சிதமாக ஒரு முடிச்சு.

"தானா விழுந்த முடி முடிச்சுப் போட்டுக்குமா?" என்றார் மெதுவாக. "எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதே. நிறுத்திடுவா."

அந்த முடிச்சை அவிழ்த்து முடிக்க அவருக்குப் பத்து நிமிஷம் ஆனது. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார்.

"மறுபடியும் உன் முடி."