தண்ணீர்த் தொட்டி விளக்கு

“அண்ணே, விளக்கு தெரியுதா? சட்டுனு சொல்லு!” ரேடியோவில் தம்பி கத்தினான்.

ஹெலிகாப்டரை ஓட்டுவது தம்பி. கீழே மலை ஆஸ்பத்திரியின் இறங்குதளத்தில் வானிலை பார்த்துச் சொல்பவர் அண்ணன். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியின் சிவப்பு விளக்கு ஜன்னல் வழியே தெரிந்தால் இறங்கலாம். தெரியாவிட்டால் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் விதி.

சாயங்காலமே இருட்டிவிட்டது. வெளியே பார்க்க வசதியாக அறை விளக்கை அணைத்திருந்தார். மூடுபனி சுவர் மாதிரி நின்றது.

“ஒண்ணுமே தெரியலைடா. திரும்பிப் போயிடு.”

“உள்ளே பிள்ளைத்தாச்சிண்ணே. ரத்தம் நிக்கலை. திரும்பினா ஒரு மணி நேரம், தாங்க மாட்டா. இன்னும் ஒரே தடவை பாரு, உன் கால்ல விழறேன்!”

இறங்கியதும் தம்பி முதலில் கேட்பது டீதான். கடவுளே, இறங்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அண்ணன் மேஜைமேலிருந்த மின்சாரக் கெட்டிலின் சுவிட்சைத் தட்டிவிட்டார். ஜன்னல் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

சிவப்பாக ஒரு புள்ளி!

“தெரியுதுடா! விளக்கு தெரியுது!”

“நிச்சயமா?”

“கண்ணெதிரே எரியுதுடா, இறங்கு!”

“அது போதும்ணே. வந்துட்டேன்.”

தலைக்கு மேல் இரைச்சல் தாழ்ந்து வந்தது. அந்தச் சிவப்புப் புள்ளியையே கும்பிட்டபடி நின்றார்.

பின்னால் தண்ணீர் கொதித்து, கெட்டில் ‘டக்’கென்று தானாக அணைந்தது.

ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த சிவப்பு விளக்கும் கூடவே அணைந்தது.