சுவரில் ஓடும் சிறுமி

"உங்களுக்கு உடம்புல ஒண்ணும் இல்லம்மா. சோம்பல்தான்," என்றார் டாக்டர்.

அவள் பக்கத்தில் நின்ற கணவனுக்குக் காது சூடானது. லாரி ஓட்டுகிறவன். பேச்சில் மட்டும் பிரேக் பிடிக்காது.

"சோம்பலா? தையல் கம்பெனியில நாள் பூரா நின்னுக்கிட்டே இஸ்திரி போடுறவ சார். இப்ப மத்தியானத்துக்குள்ள கால் துவண்டுடுது. அதுவும் நல்லா இருந்த கால். சாப்பிட்டா புரையேறுது. தூங்கி எழுந்தாலும் அசதி போகல."

"சின்ன வயசுல போலியோ வந்து குணமாயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"குணமானவங்களுக்கும் பல வருஷம் கழிச்சுத் தசை தளருமாம் சார். போஸ்ட் போலியோன்னு பிசியோதெரபி அம்மா சொன்னாங்க. அதான்னு பார்த்து எழுதிக் கொடுங்க. உட்கார்ந்து செய்யுற வேலைக்கு மாத்தணும்னா கம்பெனியில டாக்டர் கையெழுத்து கேக்குறாங்க. இல்லன்னா வேலையை விட்டு நின்னுக்கோன்னுட்டாங்க."

"அந்த அம்மாவே கையெழுத்துப் போடட்டுமே." டாக்டர் பேனாவை மூடினார். மேசையைச் சுற்றி வந்து அவள் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "தினம் வேகமா நடங்க. எல்லாம் சரியாயிடும்."

"நடந்து நடந்துதான் சார் இருந்த தெம்பும் போச்சு."

டாக்டர் சலிப்போடு சுவரைக் காட்டினார். வெளிறிப்போன பழைய சுவரொட்டி. ஊன்றுகோல்களை வீசிவிட்டு, பற்கள் தெரிய ஒரு சிறுமி ஓடிவருகிறாள். கணவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. உள்ளே வந்ததிலிருந்தே திரும்பவில்லை.

"அதைப் பாருங்கம்மா. இதே ஆஸ்பத்திரியில கிடந்த பொண்ணு. அதுக்கும் போலியோதான். உங்களை மாதிரி மூக்கால அழுதுச்சா? மனசுல தெம்பு இருந்துச்சு, ஓடுச்சு. எப்படிச் சிரிக்குது பாருங்க. உங்களை மாதிரி வர்றவங்களுக்கெல்லாம் நான் அதைத்தான் காட்டுவேன்."

"யோவ்..." என்று ஆரம்பித்தான் கணவன்.

அவள் அவன் கையை அழுத்தினாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நாற்காலி, அலமாரி, சுவர் என்று ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டு போய், சுவரொட்டியின் பக்கத்தில் சாய்ந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"படம் நல்லா வரணும்னு அன்னைக்குக் காலையில பூரா என்னைத் திரும்பத் திரும்ப ஓட விட்டாங்க, டாக்டர்," என்றாள். "அது சிரிப்பு இல்ல. வலி தாங்காம பல்லைக் கடிச்சுக்கிட்டிருக்கேன்."