முக்கால்

"துண்டை இழுக்காதீங்க. வயித்துக்கு அடியில சும்மா தாங்கிப் பிடிங்க" என்று நாற்காலியில் இருந்தபடியே கணவரை அதட்டினாள்.

புற்றுநோய்க்குப் பின்னங்கால் ஒன்றைப் பறிகொடுத்த நாயை அவர் நடக்கப் பழக்கிக்கொண்டிருந்தார்.

"காலை எடுக்கலாமான்னு அதைக் கேட்டீங்களா? நீங்களா தலையாட்டிட்டு வந்துட்டீங்க."

"உயிர் பெருசா, கால் பெருசா?" என்றவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

அழைப்பு மணி அடித்தது. அவ்வளவுதான், நாய் துண்டிலிருந்து நழுவி, மூன்று காலில் தத்தித் தத்தி ஓடிக் கதவைப் பிறாண்டிக் குரைத்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு அவருக்கு எவ்வளவோ நாளாயிற்று.

"முக்காலு என்னமா ஓடுது பாருங்க!"

"முக்காலா?"

"நாலுல மூணு இருந்தா முக்கால்தானே? சரி, டாக்டருக்குப் போன் போட்டு எடுத்துடலாம்னு சொல்லுங்க."

"எந்த டாக்டருக்கு?"

"என் டாக்டருக்குத்தான்."

ஆபரேஷனே வேண்டாமென்று அதுவரை அடம்பிடித்தவள், கட்டியால் வீங்கிக் கிடந்த தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"முக்கால் ஓடுற வீட்டுல ஒரு அரை நடக்காதா என்ன?"