தட்டோடு வாருங்கள்

"பாதர், இந்த வருஷம் திருவிழா விருந்துக்குப் பிளாஸ்டிக் தட்டு, ஸ்பூன் எதுவும் வேண்டாம். அவங்கவங்க வீட்டுலேர்ந்து எவர்சில்வர் தட்டு எடுத்துக்கிட்டு வரட்டும்."

தலத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அந்தோணிமேரி இப்படிச் சொன்னதும், மாதா கோயில் விழாக் குழுச் செயலாளர் யாகப்பன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"நானூறு பேரும் தட்டைத் தூக்கிக்கிட்டு வர்றதா? பாக்குறவங்களுக்கு நல்லாவாக்கா இருக்கும்?"

"போன வருஷம் தின்னுட்டுப் போட்ட தட்டெல்லாம் அரசலாத்துக் கரையில இன்னும் மக்காம கிடக்குதே, அது நல்லாவா இருக்கு? குருமா வாசத்துக்கு அல்லி வீட்டு மாடு நாலஞ்சு தட்டை முழுங்கிடுச்சு. வயித்தைக் கிழிச்சுத்தானே எடுத்தாங்க? அது பொழைச்சதே பெருசு."

கூட்டம் உச்சுக்கொட்டியது. யாகப்பன் விடவில்லை.

"சரி, வாழை இலை வாங்கிடுவோம்."

"நின்னுக்கிட்டே சாப்பிடுற விருந்துல இலையை எங்க விரிப்பீங்க, தலையிலயா?"

பாதர் சிரித்துவிட்டார். அதோடு முடிவாகிவிட்டது.

திருவிழா அன்று பூசை முடிந்ததும், பந்தல் வாசலில் துண்டும் கையுமாக நின்றார் அந்தோணிமேரி. வருகிறவர்களின் தட்டை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, பளிச்சென்று துடைத்துக் கொடுத்தார். சிலருடைய காதில் மட்டும் ஏதோ சொன்னார். கேட்டவர்கள் மறுபேச்சு இல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் பிரியாணிப் பக்கம் நகர்ந்தார்கள். தன் காதிலும் அதையே கேட்ட யாகப்பனுக்கு முகமே செத்துவிட்டது.

எல்லோரும் சாப்பிட்டு முடித்தபோது குப்பைக் கூடையில் எலும்பும் கறிவேப்பிலையும்தான் கிடந்தன. பாதருக்கு மனசு நிறைந்துபோனது. தன் தட்டோடு கடைசி ஆளாகச் சாப்பிட வந்து நின்றார்.

"ஒரு பிளாஸ்டிக் கூட இல்லம்மா! இனிமே வருஷா வருஷம் இதேதான். ஆமா, சில பேர் காதுல மட்டும் என்னமோ சொன்னீங்களே, புத்திமதியா?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். தட்டைக் குடுங்க, பாதர்."

வாங்கித் திருப்பிய அந்தோணிமேரியின் முகம் மலர்ந்தது. யாருக்கும் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"பின்னாடி பாருங்க, எம் பேரு வெட்டியிருக்கு. எம் மக கல்யாணத்துல காணாமப்போன பன்னெண்டு தட்டுல இது பத்தாவது. சாப்பிட்டுட்டுக் கழுவி வீட்டுக்கு அனுப்பிடுங்க, பாதர்!"